வயசானவங்க துணியைப் பத்தியும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற ட்ரெஸ் பக்கத்தை ஒண்ணு விடாம படிக்கிற ஆள் நான். ரொம்ப வருஷமா துணி ஆல்ட்டர் பண்றதுதான் என் வேலை, அதனால அந்த போட்டோவை எல்லாம் தையல்காரி கண்ணோடதான் பாப்பேன், தோள் தையல் எங்க நிக்குது, இடுப்புல எங்க பிடிச்சிருக்காங்க, ஓரம் எப்படி அடிச்சிருக்காங்கன்னு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல நிக்கிறவங்க அத்தனை பேரும் இருபது இருபத்தஞ்சு வயசுக்காரங்க. அம்பது தாண்டினவங்களுக்குன்னு எப்பவாச்சும் ஒரு மூலைல நாலு வரி வரும், அதுலயும் என்ன இருக்கும்னா கை இல்லாத ட்ரெஸ் வேணாம், முட்டிக்கு மேல ஏறக்கூடாது, பளிச்சுனு கலர் போடாதீங்க, பெரிய பூ டிசைன் தொடாதீங்கன்னு வெறும் கூடாது, வேணாம்தான். அதைப் படிக்கிறப்ப எல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது, அதான் இன்னைக்கு உக்காந்து எழுதுறேன்.

வயசானா என்ன போடக்கூடாதுன்னு சொல்றதுக்கு ஊர்ல ஆளுங்க நிறைய இருக்காங்க. ஆனா உடம்பு மாறுறப்ப துணி எங்கெங்க மாறணும்னு சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்ல. அதைத்தான் ஒரு பேப்பர் செய்யணும்னு நான் கேக்குறேன். ஏன்னா என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் துணியைக் குடுக்குறப்பவே "இந்த வயசுல எனக்கு எதுக்கு, சும்மா போட்டுக்குற மாதிரி பண்ணிக் குடுங்க போதும்"னுதான் ஆரம்பிப்பாங்க. அப்படி சொல்றவங்களுக்கு சரியா ஃபிட்டிங் பண்ணி கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சா அவங்க நிக்கிற நிலையே மாறிடும். அதைக் கண்ணால பாக்குறவ நான்.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். வயசானவங்க சட்டையோ டாப்ஸோ கொண்டு வந்து "பின்பக்கம் சுருங்கிப் போச்சும்மா, தண்ணி பட்டதும் ஏறிக்கிச்சு"ன்னு சொல்வாங்க. டேப் வெச்சு அளந்தா துணி சுருங்கியே இருக்காது. அவங்களைப் பக்கவாட்டுல திரும்பி நிக்கச் சொல்லிப் பாத்தா விஷயம் புரிஞ்சிடும், மேல் முதுகு லேசா வளைஞ்சு கழுத்து முன்னாடி வந்திருக்கும். முதுகு வளைஞ்சா அதைச் சுத்தி வர்றதுக்கு பின்பக்கம் துணி கூட வேணும், முன்பக்கம் நெஞ்சு உள்வாங்குறதால அங்க துணி மிச்சமாயிடும், அதனாலதான் பின் ஓரம் மேல ஏறும், முன் ஓரம் தொங்கும், காலர் பின்கழுத்தை விட்டு விலகி நிக்கும், உக்காந்தா கழுத்துல வந்து இடிக்கும். இதை எந்த சோப்புத்தூளும் பண்ணல, உடம்பு பண்ணினது. புதுசா தைக்கிறதா இருந்தா பின்பக்கத்தை ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீளமா வெட்டி முன்பக்கத்தைக் கொஞ்சம் குறைச்சா போதும், சட்டை நாலு பக்கமும் நேரா நிக்கும். ரெடிமேடா வாங்குறவங்க பின்பக்கம் இறங்கி வெட்டின மாடலா பாத்து எடுக்கலாம். ஒரு தோள் மட்டும் இறங்கி இருக்குறவங்களுக்கு அந்தப் பக்கம் உள்ள சின்னதா ஒரு பேட் வெச்சு தைச்சா யாருக்கும் தெரியவே தெரியாது. இவ்வளவுதாங்க வேலை. இது தெரியாம எத்தனை பேர் நல்ல நல்ல சட்டையை எல்லாம் எனக்கு இனிமே எதுவுமே நல்லா இருக்காதுன்னு மூட்டை கட்டி வெச்சிருக்காங்க.

நாப்பது வயசுக்கு மேல ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் சுமாரா ஒரு சென்டிமீட்டர் உயரம் குறையும்னு டாக்டருங்க சொல்றாங்க, எழுபதுக்கு மேல இன்னும் கொஞ்சம் வேகமா. அது பெரும்பாலும் முதுகெலும்புலதான் குறையுது, ஆனா இடுப்பும் நிக்கிற நிலையும் மாறுறதால முப்பது வயசுல அளவெடுத்து தைச்ச பேன்ட்டை அறுபதுல போட்டா ஓரம் குதிகாலுக்கு அடில போகலாம். இதுல அழகை விட பெரிய விஷயம், தடுக்கி விழுறது. நீளமா தொங்குற பேன்ட், தரையில இழுபடுற நைட் ட்ரெஸ், மாடிப்படி, இந்த மூணும் சேந்தா இடுப்பு எலும்புக்கு ஆபத்து. அதனால ஓரம் அளவெடுக்கும்போது வெறுங்கால்ல நிக்காதீங்க, தினமும் எந்தச் செருப்பு போடுவீங்களோ அதைப் போட்டுட்டு நின்னு அளவு குடுங்க, முன்பக்கம் மட்டும் பாக்காம பின்பக்கமும் பாக்கச் சொல்லுங்க. இடுப்பு விஷயத்துல வயிறு கூடி பின்பக்கம் வத்திப் போறதுதான் நிறைய பேருக்கு நடக்கும், அதுக்காக சுத்தி முழுக்க எலாஸ்டிக் போட்ட பேன்ட்டுக்குப் போகணும்னு அவசியமே இல்ல, முன்பக்கம் பட்டியை அப்படியே விட்டுட்டு பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் குடுத்தா பாக்க சாதாரண பேன்ட் மாதிரியே இருக்கும், சாப்பிட்டு உக்காந்தாலும் இறுக்காது.

சைஸ் நம்பர் பத்தியும் சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த நம்பரைப் பாத்து கண் கலங்குனவங்களை நான் பாத்திருக்கேன். மீடியம் போட்டவங்க எக்ஸ்எல் கேக்க வெக்கப்பட்டு மூச்சு முட்டுற டாப்ஸை வாங்கிட்டு வந்து பிரிச்சு விடச் சொல்வாங்க, உள்ள விடுறதுக்கு மார்ஜின் துணியே இருக்காது, ரெடிமேட்ல அதை எல்லாம் மிச்சம் பிடிச்சு வெட்டிடுறாங்க. அந்த நம்பருக்கு உலகம் பூரா பொதுவான ஒரு அளவே கிடையாதுங்க. அமெரிக்காவுல 1958ல பெண்கள் ட்ரெஸ்ஸுக்கு அரசாங்கமே ஒரு சைஸ் அளவு வெளியிட்டாங்க, கம்பெனிங்க ஆளாளுக்கு ஒரு அளவுக்குப் போனதுல 1983ல அதையும் கைவிட்டுட்டாங்க. இன்னைக்கு ஒரு கம்பெனியோட எல் இன்னொரு கம்பெனியோட எம்மா இருக்கும், ஒரே கம்பெனில ரெண்டு கலர் எடுத்தா அதுலயே அளவு வித்தியாசப்படும். அதனால தோள் தையல் தோள் எலும்பு முடியுற இடத்துல நிக்குதான்னு மட்டும் முதல்ல பாருங்க. தோள் சரியா இருந்தா இடுப்பு, கை, நீளம் எல்லாத்தையும் எங்களால சரி பண்ண முடியும், தோளை மாத்தணும்னா மொத்த சட்டையையும் பிரிக்கணும், கூலியும் கட்டுப்படியாகாது. நம்பர் உறுத்துதுன்னா லேபிளை வெட்டிட்டு போட்டுக்கோங்க, அது கழுத்துல குத்தாமலும் இருக்கும்.

கலர் விஷயத்துல பேப்பர்ல வர்ற அறிவுரைதான் எனக்கு அதிகமா கோபம் வர வைக்கிறது. வயசானா மங்கலாத்தான் போடணும்னு யாரு சொன்னது? முடி நரைச்சு முகத்தோட கலரும் கொஞ்சம் வெளிறிப் போறப்ப அது மேல போய் சாம்பலும் வெளிறின பழுப்பும் போட்டா முகம் இன்னும் சோர்ந்து தெரியும், அதே ஆளுக்கு கழுத்துக்கிட்ட நல்ல நீலமோ அடர் சிவப்போ கரும்பச்சையோ குடுத்தா முகம் எடுப்பா வந்துடும். முன்னாடி பொருந்தாத கலர் இப்ப பொருந்தும், அதனால பழைய கணக்கை வெச்சுக்கிட்டு இருக்காம ஜன்னல் வெளிச்சத்துல துணியைக் கன்னத்துக்குக் கீழ பிடிச்சு மறுபடி பாக்கணும். கடை லைட்டை நம்பவே கூடாது. இன்னொண்ணு, வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மஞ்சள் தட்டிப் போகும், நீலக் கலர் வெளிச்சம் அதுல கொஞ்சம் குறைஞ்சுதான் உள்ள போகும், அதனாலதான் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாம ஆளுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டுட்டு வர்றாங்க. வீட்டுல இருக்குறவங்க அதைப் பாத்து சிரிக்க வேணாம், கருநீலத்தை ஒரு தட்டுலயும் கறுப்பை ஒரு தட்டுலயும் பிரிச்சு அடுக்கி வெச்சுக் குடுங்க, போதும்.

இப்ப நான் சொல்லப் போறதுதான் எனக்கு முக்கியமா படுது, கை. விரல் முட்டி வீங்கி வலிக்கிறவங்களுக்கு சட்டை பட்டன் போடுறது எவ்வளவு பெரிய வேலைன்னு போடுறவங்களுக்குத்தான் தெரியும். சின்ன வழவழ பட்டன், புதுசா இறுக்கமா அடிச்ச காஜா (பட்டன் நுழையுற ஓட்டை), இந்த ரெண்டும் சேந்தா காலைல பத்து நிமிஷம் அதுலயே போயிடும், அப்புறம் அவங்க பட்டன் வெச்ச சட்டையையே விட்டுட்டு டி-ஷர்ட்டுக்கு மாறிடுவாங்க, அப்புறம் வெளிய போறதையே குறைச்சுப்பாங்க. இதுக்கு வழி இருக்கு. ஓரம் எழும்பி இருக்குற, கொஞ்சம் தடிமனான பெரிய பட்டனா மாத்தி, காஜாவைக் கொஞ்சம் அகலமா அடிச்சுக் குடுத்தா வழுக்காம விரல்ல நிக்கும். பட்டனை எலாஸ்டிக் நூல்ல வெச்சு தைச்சா கை பட்டியைக் கழட்டாமலே கையை உள்ள நுழைச்சுடலாம். அதுவும் முடியாதவங்களுக்கு மேல பட்டன் மாதிரியே தெரியுற அளவுக்கு வெளில பட்டனைத் தைச்சுட்டு உள்ள ஒட்டுற வெல்க்ரோ வெச்சுக் குடுக்கலாம், ஜிப்புக்கு ஒரு பெரிய வளையம் மாட்டினா ஒரு விரல்லயே இழுத்துடலாம். காந்தம் வெச்ச பட்டனும் வருது, சுலபமா இருக்கும், ஆனா நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சவங்க அந்தப் பக்கமே போக வேணாம், காந்தம் கிட்டக்க வந்தா அந்த மெஷின் வேலை செய்யுற விதமே மாறிடும், டாக்டர்கிட்ட கேக்காம யாரும் அதை அவங்களுக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க. ஒரு பக்கம் கை கால் வராம போனவங்களுக்கு உடுத்தி விடுறவங்களுக்கும் ஒரு முறை இருக்கு, போடும்போது வராத கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது வராத கையைக் கடைசில எடுக்கணும். இதை மாத்திப் பண்ணினா அந்தத் தோள் எவ்வளவு வலிக்கும்னு அவங்களால சொல்லக்கூட முடியாது. இந்த ஒரு வரியை உங்க ட்ரெஸ் பக்கத்துல பெரிய எழுத்துல போட்டீங்கன்னா எத்தனை வீட்டுக்கு உதவியா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

துணி ரகம் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதை எழுத ஆரம்பிச்சா முடியாது. வயசானா தோல் மெலிஞ்சு போகும், உள் தையல் உரசினாலே சிவந்துடும், அதனால வாங்குறப்ப துணியை உள்பக்கம் திருப்பி தையல் மேல விரலை ஓட்டிப் பாருங்க. வேர்வை வாடை விஷயத்துல பாலியஸ்டரை விட காட்டன் நல்லதுன்னு 2014ல பெல்ஜியத்துல ஆராய்ச்சி பண்ணியே சொல்லி இருக்காங்க, உடற்பயிற்சி பண்ணினவங்க சட்டையை எடுத்துப் பாத்ததுல பாலியஸ்டர் சட்டைதான் அதிகமா நாறுச்சாம். மூக்கோட சக்தியும் வயசாக குறையும்ங்கிறதால நம்ம துணி வாடை நமக்கே தெரியாம போக வாய்ப்பு இருக்கு, அதுக்காகவாச்சும் உடம்பை ஒட்டிப் போடுற துணி காட்டனா இருக்கட்டும். அதுக்குன்னு பாலியஸ்டரே கூடாதுன்னு சொல்லல, மேல போடுற கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சுருங்காம நிக்கிறது நல்லதுதான். இழுவை வர்ற துணியில எல்லாம் எலாஸ்டேன்னு ஒண்ணு கலந்திருக்கும், 1958ல வந்த நூல் அது, வயசானவங்களுக்குக் குனிய நிமிர ரொம்ப வசதி, ஆனா சூடும் குளோரினும் அதுக்கு ஆகாது, கொதிக்கிற தண்ணில போட்டு, பிளீச் ஊத்தி, நல்லா சுட வெச்சு அயர்ன் பண்ணினா சீக்கிரமே முட்டி தொங்கிப் போயிடும். லேபிள்ல இருக்குற படத்தைப் படிக்கத் தெரிஞ்சா இதெல்லாம் தப்பிக்கலாம், தொட்டிக்குள்ள இருக்குற நம்பர் எத்தனை டிகிரி வரைக்கும் தண்ணி சூடு இருக்கலாம்னு சொல்றது, முக்கோணம்னா பிளீச் போடலாம்னு அர்த்தம், அயர்ன் பாக்ஸ் படத்துல ஒரு புள்ளின்னா 110 டிகிரி, ரெண்டுன்னா 150, மூணுன்னா 200 வரைக்கும். குறுக்க கோடு போட்டு அடிச்சிருந்தா அதைச் செய்யாதேன்னு அர்த்தம். வாங்குறவங்க இதைப் பாக்காம விடுறதாலதான் என்கிட்ட வர்ற துணில நிறைய வீணாகி வருது.

செருப்பு வாங்க சாயந்திரம் போங்க, அப்பதான் பாதம் வீங்கின அளவு தெரியும். வயசாக பாதத்தோட வளைவு தளர்ந்து அகலமாகும், பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட நம்பரையே கேட்டு வாங்காம ரெண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்கணும்.

பாக்கெட் விஷயம் என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. 2018ல தி புட்டிங்னு ஒரு பத்திரிகை ஜீன்ஸ் பேன்ட்டுங்களை அளந்து பாத்தாங்க, ஆம்பளைங்க பேன்ட்டோட முன் பாக்கெட்டை விட பொம்பளைங்க பாக்கெட் சராசரியா 48 சதவீதம் ஆழம் கம்மி. வயசான பெண்களுக்கு இது வெறும் வசதிக் குறைவு இல்ல, மாத்திரை, கண்ணாடி, சாவி, போன் எல்லாத்தையும் கைப்பைல தூக்கி ஒரு தோளையே இழுத்துக்கிட்டு நடக்குறாங்க, ஒரு கையில பை இருந்தா மாடிப்படில கைப்பிடியைப் பிடிக்க முடியாது. பக்கத் தையலைக் கொஞ்சம் பிரிச்சு உள்ள பை வெச்சு தைக்கிறது எந்தத் தையல்காரருக்கும் சின்ன வேலைதான், கேக்கத்தான் யாருக்கும் தோணுறதில்ல. எல்லாரும் கேளுங்க, கேட்டா செஞ்சு குடுப்பாங்க.

அப்புறம் அலமாரி. ட்ரெஸ் குறைச்சு வெச்சுக்கணும்னு சிலர் எழுதுவாங்க, டோனா கேரன்ங்கிற அமெரிக்க டிசைனர் 1985லயே ஏழு துணியை மாத்தி மாத்திப் போட்டே ஒரு பெண் சமாளிக்கலாம்னு கலெக்ஷன் போட்டாங்க, அது நல்ல யோசனைதான். அதே நேரம் ஐரிஸ் ஆப்ஃபெல்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1921ல பொறந்தவங்க, பெரிய வட்டக் கண்ணாடி, கழுத்து நிறைய பாசிமணி, கை நிறைய வளையல்னு ஒண்ணையும் குறைக்காம வாழ்ந்தவங்க, அவங்க துணிமணியை வெச்சே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல 2005ல கண்காட்சி வெச்சாங்க, அப்ப அவங்களுக்கு எண்பது தாண்டிருச்சு, தொண்ணூத்தேழு வயசுல மாடலிங் கம்பெனி ஒண்ணுல கையெழுத்துப் போட்டாங்க, 2024ல நூத்தி ரெண்டு வயசுல காலமானாங்க. ஏழு துணியும் சரி, நூறு பாசிமணியும் சரி, எது தன்னோட விருப்பம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதைத்தான் நான் வயசுல கத்துக்குற விஷயம்னு நினைக்கிறேன். நாலு பேர் என்ன சொல்வாங்கங்கிற பயம் குறையுற வயசுல, துணியும் அந்த நாலு பேருக்காக இருக்க வேணாமே. எனக்குத் தெரிஞ்சு நல்லா உடுத்துற வயசானவங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இருக்குறதைப் போட்டுப் பாக்குறாங்க, பொருந்தாததை உடனே தூக்கிப் போடாம ஆல்ட்டருக்குக் குடுக்குறாங்க, அதுக்கும் ஒத்து வரலைன்னா போடுறவங்களுக்குக் குடுத்துடுறாங்க. உடம்பு குறைஞ்சா போட்டுக்கலாம்னு தொங்க விட்டு வெச்ச துணி தினமும் அலமாரியைத் திறக்கும்போது மனசைக் குத்தும், அது எதுக்கு?

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தை அறுபது எழுபது வயசுக்காரங்களுக்குக் குடுங்க. மாடலா நிக்கிறவங்க நிஜமாவே அந்த வயசு ஆளா இருக்கட்டும், வளைஞ்ச முதுகு, சுருக்கம் விழுந்த கை, வீங்கின பாதம் எல்லாம் போட்டோல தெரியட்டும், அப்பதான் படிக்கிறவங்களுக்குத் தன் உடம்புக்கு எது எப்படி நிக்கும்னு தெரியும். எழுதுறதுக்கு டிசைனர் மட்டும் போதாது, ஆல்ட்டர் பண்றவங்களையும் வயசானவங்களுக்கு உடுத்தி விடுற நர்ஸுங்களையும் கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது நிறைய. முதல் வாரமே பட்டனையும் காஜாவையும் பத்திப் போடுங்க, அளவு எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னா நான் படத்தோட அனுப்பத் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
துணி ஆல்ட்டர் பண்ற வாசகி ஒருத்தி